மாதா கேட்ட இடம்

மரியே வாழ்க

திண்டுக்கல்
10.7.1994

அன்புள்ள இனிகோ அண்ணனுக்கு,

தங்கை சகாயராணி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே அம்மா, நான், உன் மச்சான் மூன்று பேரும் சுகம். மஸ்கட் வெயில் எப்படி, உன் முதுகுவலி எப்படி என்று மறக்காமல் எழுது.

சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, வீடு சுகமாக இல்லை அண்ணே. புதன்கிழமை காலையில் உன் மச்சான் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பக் குளிக்கப் போனார். போன வேகத்தில், "ஏ ராணி! ஓடியா! தண்ணி கீழ போகல, மேல வருது!" என்று ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் குளிக்கிற அறை மடை வழியாகக் கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று வருகிறது. கக்கூஸ் தொட்டியும் விளிம்பு வரை நிற்கிறது. மனுசன் கண்டக்டர் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதற்குத் திட்டும் வாங்கினேன்.

நாலு நாளாகப் பக்கத்து வீட்டு நசீம் பானு அக்கா வீட்டுக்குத்தான் மூன்று பேரும் வாளியோடு போய் வருகிறோம். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது, திறந்து எடுக்க வேண்டும். ஆனால் அது எங்கே இருக்கிறது? அப்பா இதைப் பழைய வீடாக வாங்கியபோது நான் மதுரையில் ஹாஸ்டலில் இருந்தேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்பாவைக் கேட்க அப்பா இல்லை. மூடி எந்த மண்ணுக்குள் போனதோ! உனக்கு ஏதாவது தெரிந்தால் உடனே எழுது. உன் கடிதம் வந்ததும் கடப்பாரையை எடுக்கப் போகிறேன். புதையல் எடுக்கிற மாதிரி கை பரபரவென்று இருக்கிறது.

உன் பாசமுள்ள தங்கை,
சகாயராணி


மஸ்கட்
30.7.1994

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். முதுகுவலி பரவாயில்லை. இங்கே வெயில் கொளுத்துகிறது. கேம்ப்பில் புதிதாக ஒரு மலையாளிச் சமையல்காரர் வந்திருக்கிறார், மீன் குழம்பு நன்றாக வைக்கிறார். மச்சானுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வைத்திருக்கிறேன். அம்மாவை வேளைக்குச் சர்க்கரை மாத்திரை சாப்பிடச் சொல். ஊரில் மழை உண்டா?

டேங்க் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய வீடுகளில் முன்பக்கம்தான் வைப்பார்கள். கேட்டுக்கு இடது பக்கம் தோண்டிப் பார். பின்பக்கம் தேட வேண்டாம். அங்கே தோண்டினால் மாதா சுரூபம் நிற்கிற நம் கெபியின் சுவர் விரிசல் விட்டுவிடும்.

அன்புடன்,
இனிகோ


மரியே வாழ்க

திண்டுக்கல்
14.8.1994

அன்பு அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். நேற்று அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்தோம், இறங்கியிருக்கிறது.

நீ சொன்ன இடத்தைத் தோண்டினோம். இரண்டு நாள்! உன் மச்சான் லீவு போட்டுக் கடப்பாரை பிடித்தார், நான் மண்வெட்டி, நசீம் பானு அக்கா மண் அள்ளிக் கொட்டினார்கள். மூன்றடி ஆழத்தில் "டங்" என்று சத்தம். "கெடச்சிருச்சு!" என்று நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. இவர் ஓங்கி இன்னொரு போடு போட்டார். பீறிட்டு அடித்தது பார் தண்ணீர், மல்லிகைப் பந்தல் உயரத்துக்கு! குடிதண்ணீர்க் குழாய் அண்ணே! ஆறு நாள் கழித்து அந்நேரம்தான் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்ததால் ஒருத்தரும் எங்களைத் திட்ட நிற்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். குழாய்க்காரர் வந்து அடைத்த பிறகு குழியை மூடினோம்.

அங்கே டேங்கும் இல்லை, மூடியும் இல்லை. இவர் முகம் கறுத்துவிட்டது. "மழைக்குள்ள டேங்கு கெடைக்கலைன்னா டிசம்பர் ஒண்ணாந் தேதி வத்தலக்குண்டுக்குப் போயிருவோம். வாடகை வீடு பாத்து வச்சிட்டேன்" என்கிறார். அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "நீங்க போங்க. மாதாவ விட்டுட்டு நான் எங்கிட்டும் வர்றதா இல்ல."

வேறு எங்கே இருக்கும் என்று யோசித்து எழுது அண்ணே. உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

சகாயராணி


மரியே வாழ்க

திண்டுக்கல்
6.9.1994

அன்பு அண்ணனுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அம்மா தினமும் தபால்காரரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.

இங்கே பெரிய பெரிய சேதி! நசீம் பானு அக்கா ஒரு யோசனை சொன்னார்கள். நீளமாகப் பிளந்த மூங்கில் பிளாச்சு ஒன்றை வாங்கி, கக்கூஸ் குழாய்க்குள் விட்டுத் தள்ளினோம். போகிறது, போகிறது, பதினேழு அடி போய் "டொக்" என்று சிமெண்டில் முட்டி நின்றது. வெளியே உருவி, கழுவி, அதே நேரில் தரையில் போட்டுப் பார்த்தோம். பிளாச்சின் நுனி எங்கே போய் நின்றது தெரியுமா? கறிவேப்பிலை மரத்தடியில். நம் மாதா கெபிக்குள்!

"இதுக்கு அடியிலதான்!" என்று இவர் குதித்தார். அம்மா கெபிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்கள். "மாப்ள, இது எங்க மகன் கனவுல மாதாவே வந்து காட்டுன இடம். அவங்க கக்கூஸ் தொட்டி மேலயா நிக்க எடங் கேப்பாங்க?"

 இவர் பிளாச்சை மதிலோரம் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வேலை கிடைத்ததற்கு நேர்ச்சையாக நீ கெபி கட்டினாய். முன் கேட்டருகே வேண்டும் என்றுதான் அம்மா கேட்டார்கள். மாதா உன் கனவில் வந்து, பின்பக்கம் மரத்தடியைக் காட்டினார்கள். பதினைந்து வருடமாகத் தெருவே அந்த இடத்தில் முழங்கால் போட்டு ஜெபமாலை சொல்கிறது. அதற்கு அடியில் எப்படி டேங்க் இருக்கும்? பிளாச்சு உள்ளே எங்கேயோ வளைந்திருக்கும்.

ஆனால் அண்ணே, எனக்குப் பயமாக இருக்கிறது. இவர் சொன்னால் செய்கிறவர். அம்மாவும் சொன்னால் நகர மாட்டார்கள். அறுபத்தெட்டு வயதில், சர்க்கரையோடு, நாற்றத்தில் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வத்தலக்குண்டில் எனக்குச் சோறு இறங்குமா?

நல்ல செய்தி ஒன்று. உன்னோடு சேர்ந்து கெபி கட்டிய ராமர் கொத்தனார் தொப்பம்பட்டியில் இருக்கிறாராம், சிமெண்ட் கடையில் விசாரித்தேன். அந்த மண்ணைத் தோண்டியவர் அவர்தானே! அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆள் அனுப்பிவிட்டேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்!

சகாயராணி


மஸ்கட்
17.9.1994

ராணிக்கு,

ராமரைக் கூப்பிட வேண்டாம். வயதானவர், பஸ்ஸில் இவ்வளவு தூரம் அலைக்கழிக்காதே. பதினைந்து வருடத்துக்கு முந்தியது அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? எதையாவது மாற்றிச் சொல்லிவிடுவார். அடுத்த வருடம் லீவில் வந்து நானே பார்த்துக்கொள்கிறேன். அதுவரை மச்சானைப் பொறுமையாக இருக்கச் சொல்.

இனிகோ

அவசரத்தில் உங்கள் சுகத்தை விசாரிக்க மறந்துவிட்டேன்.


மரியே வாழ்க

திண்டுக்கல்
28.9.1994

அன்பு அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீ விசாரிக்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. ராமர் கொத்தனார் அதற்கு முந்தின நாளே வந்துபோய்விட்டார்.

வந்ததும், "ஏனுங்க அம்மிணி, தம்பி சவுக்கியமுங்களா?" என்றுதான் கேட்டார். ஞாபகம் இல்லாதவர் பேச்சா இது? ஒருத்தரும் வழி காட்டவில்லை, நேராகப் பின்பக்கம் போனார். கெபியைப் பார்த்தார். குளிக்கிற அறையைப் பார்த்தார். மறுபடி கெபியைப் பார்த்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் இரண்டும் குலுங்குகிறது! அழுகிறாரோ என்று அம்மா பதறிப்போய், "என்ன ராமரு, என்ன செய்யுது?" என்றார்கள்.

"ஒண்ணுமில்லீங்கம்மா, தும்மலுங்க."

"டேங்கு எங்கன இருக்குன்னு தெரியுமா?"

"நானு கட்டுனது கெபி மட்டுந்தானுங்க. அடியில என்ன இருக்குதுன்னு தம்பியவே கேட்டுப்போடுங்க."

 காபியைக் குடித்துவிட்டு நாலு மணி பழனி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

அண்ணே, அவர் ஏன் "அடியில" என்றார்? நேற்று ராத்திரி உன் கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். மீன் குழம்பைப் பற்றி எழுதுகிறாய், கைக்கடிகாரத்தைப் பற்றி எழுதுகிறாய். டேங்க் என்று வந்தால் மட்டும் "பின்பக்கம் வேண்டாம், ராமர் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம்." ஏன்? மாதா உன் கனவில் வந்து என்ன சொன்னார்கள்? ஒரு சொல் விடாமல் எழுது. 

சகாயராணி


மஸ்கட்
12.10.1994

அன்புத் தங்கைக்கு,

இதைத் தனியாக இருக்கும்போது படி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை. உன் கேள்வியைப் படித்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

மாதா கனவில் வரவில்லை ராணி.

அன்றைக்கு எனக்கு விமானம் ஏற நான்கு நாள்தான் இருந்தது. நேர்ச்சையைச் செலுத்தாமல் போனால் கடலைத் தாண்டும்போது ஏதாவது ஆகிவிடும் என்று பயம். அம்மா சொன்னபடி முன்பக்கம் கட்ட வேண்டுமானால் மதில் சுவரை இடித்து, அஸ்திவாரம் போட்டு, அது காய வேண்டும். எத்தனை நாள் ஆகும்! மரத்தடியில் ஒரு அடி தோண்டியதும் அருமையான சிமெண்ட் தளம் ஒன்று தட்டுப்பட்டது. "இதுமேலயே கட்டிரலாம்ணே" என்றேன். ராமர் தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி, இது கக்கூஸ் டேங்க்கு மூடியாட்டம் இருக்குதுங்க. வேண்டாமுங்க" என்றார். எனக்கு இருந்த அவசரத்தில், டேங்க் நிரம்ப இருபது முப்பது வருடம் ஆகும், அதற்குள் வந்து மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவரிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினேன். பாவம், இன்றுவரை காப்பாற்றியிருக்கிறார்.

அம்மா ஏன் பின்பக்கம் என்று கேட்டார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல், "கனவுல மாதா காட்டுனாங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்ல? ஒவ்வொரு லீவிலும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வருவேன். நான் வந்தாலே தெருப் பெண்கள் அந்தக் கனவைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். அம்மா பெருமையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நானும் சொல்லுவேன். சொல்லச் சொல்லக் கனவு நீண்டுகொண்டே போயிற்று.

நீ பக்குவமாக எடுத்துச் சொல் ராணி. எனக்குத் தைரியம் இல்லை.

இனிகோ


மரியே வாழ்க

திண்டுக்கல்
24.10.1994

அண்ணனுக்கு,

முதலில் சிரித்தேன். ராமர் மாதிரியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்புறம் அழுதேன். இப்போது கோபமாக இருக்கிறேன்.

தனியாகப் படி என்று எழுதினாயே, இந்த வீட்டில் உன் கடிதம் வந்தால் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பதை மறந்துவிட்டாயா? முதல் வரியைக் கண்ணால் பார்த்ததுமே உஷாராகிவிட்டேன். மஸ்கட்டில் வெயில், மீன் விலை, மச்சானுக்குக் கைக்கடிகாரம் என்று நானே இட்டுக்கட்டி ஒரு பக்கம் வாசித்தேன். நம் வீட்டில் பொய் சொல்ல நீ மட்டும்தான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்ளாதே.

போன வாரம் மழை தொடங்கிவிட்டது. மடை வழியாக வந்தது இப்போது அடுப்படி வாசல் வரை வருகிறது. சாக்கு போட்டுத் தடுத்து வைத்திருக்கிறேன். இவர் அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து பாத்திரம் கட்ட ஆரம்பித்துவிட்டார். அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு கெபிக்கு முன்னால் ஜெபமாலை சொல்கிறார்கள். காலடியில் ஓடுகிற தண்ணீர் என்ன தண்ணீர் என்று நான் வாயால் சொல்ல மாட்டேன்.

நான் அம்மாவிடம் சொல்லப் போவதில்லை. பொய்யை அம்மா முகத்தைப் பார்த்துச் சொன்னவன் நீ. உண்மையையும் நீயே சொல். டிசம்பர் ஒன்றுக்குள் சொல். இல்லையென்றால் அம்மா இங்கே, நான் அங்கே.

சகாயராணி

உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தில்கூட உன் முதுகுவலி ஞாபகம் வருகிறது.


மஸ்கட்
5.11.1994

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் இனிகோ எழுதுவது. இதை நசீம் பானு அக்கா விலாசத்துக்குப் போடுகிறேன். ராணி குரலில் இதை நீங்கள் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். அக்கா, அம்மா உட்கார்ந்த பிறகு வாசியுங்கள். ஒரு வார்த்தையும் விடாதீர்கள்.

அம்மா, மாதா என் கனவில் வரவில்லை. நான் பொய் சொன்னேன். கெபிக்கு அடியில் இருப்பது டேங்க்தான். தெரிந்தேதான் அதன்மேல் கட்டினேன். நான்கு நாள் அவசரத்துக்குச் சொன்ன பொய்யில் உங்களைப் பதினைந்து வருடம் முழங்கால் போட வைத்துவிட்டேன். மாதாவையும் அந்த இடத்தில் நிற்க வைத்தேன்.

ராணியும் மச்சானும் போனால் நீங்களும் கூடவே போங்கள். இல்லை, கெபியை இடித்து டேங்கைத் திறங்கள். தெருவில் கேட்டால் உங்கள் மகன் பொய்யன் என்று சொல்லுங்கள், எனக்குச் சம்மதம். நீங்கள் தனியாக இருக்க மட்டும் எனக்குச் சம்மதம் இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள் அம்மா.

உங்கள் மகன்,
இனிகோ


மரியே வாழ்க! மரியே வாழ்க!

திண்டுக்கல்
22.11.1994

அன்பு அண்ணனுக்கு,

சுகம், சுகம், எல்லோரும் சுகம்! உட்கார்ந்துகொண்டு படி. 

அம்மா கனவில் மாதா வந்துவிட்டார்கள்!

போன புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அம்மா வீட்டு வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "கனவுல மாதா வந்தாங்க. 'லூர்தம்மா, இம்புட்டு நாள் ஒன் வீட்டுக்குப் பின்னாடி நின்னது போதும், முன்னாடி கேட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போ'ன்னாங்க" என்று சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சேலை மாற்றக்கூட நேரம் இல்லாமல் சர்ச்சுக்கு, பங்குச் சாமியாரிடம் ஓடினேன். ராமருக்கு ஆள் அனுப்பினோம்.

சனிக்கிழமை தூறலில் மாதா சுரூபத்தைத் தூக்கினோம் அண்ணே! இருபத்தைந்து தப்படி தூரம்தான், ஆனால் தேர்த் திருவிழாதான் போ! சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க, தெருப் பெண்கள் பாட, நசீம் பானு அக்கா வீட்டிலிருந்து மூன்று குடை வந்தது. பெரிய குடையை அக்காவே மாதாவுக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தார்கள். மதிலை இடித்து, தெருவைப் பார்த்தபடி ராமர் இப்போதைக்கு ஒரு செங்கல் மேடை அடுக்கி வைத்திருந்தார், கெபியை மழை விட்ட பிறகு கட்டுவாராம். அம்மா ஆசைப்பட்ட அதே இடம்!

பிறகு ராமர் பழைய கெபியைக் கழற்றி, தளத்தை நெம்பினார். மூடி! டேங்க் மூடி! "பாத்தியா, பிளாச்சு பொய் சொல்லாது!" என்று நசீம் பானு அக்கா கை தட்டினார்கள். யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றதால், குழாய் போட்டு உறிஞ்சுகிற லாரியை மதுரையிலிருந்து வரவழைத்தோம். லாரி உறிஞ்ச உறிஞ்ச நாங்கள் எல்லோரும் குளிக்கிற அறையில் மடையைச் சுற்றி நின்றோம். நின்ற தண்ணீர் ஒரு சுழி சுழித்துக் "களக்" என்று கீழே இறங்கியது பார், உன் மச்சான் விசில் அடித்தார்! அட்டைப் பெட்டிகள் எல்லாம் கடைக்குத் திரும்பிப் போய்விட்டன. வத்தலக்குண்டு வீடு வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

நீ பொய்யாகச் சொன்ன கனவை மாதாவே மெய்யாக வந்து மாற்றிவிட்டார்கள். அம்மாவுக்கு நீ ஒன்றும் எழுதிவிடாதே! ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தால் என்ன செய்வது என்று தபால்காரரைத் தினமும் வாசலிலேயே மடக்கிப் பார்க்கிறேன். உன் கடிதம் எதுவும் நம் வீட்டுக்கு வரவில்லை. பிழைத்தாய்.

அளவில்லாத சந்தோஷத்துடன்,
சகாயராணி


786
மரியே வாழ்க

திண்டுக்கல்
24.11.1994

தம்பி இனிகோவுக்கு நசீம் பானு அக்காவின் சலாம். அம்மா சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன். மேலே பிஸ்மில்லாவுக்காக எழுதிய எண் பழக்கத்தில் வந்துவிட்டது. அடிக்க வேண்டாம், அதுவும் இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்கள்.

ஏலே இனிகோ, நல்லா இருக்கியா அப்பு? முதுகுவலிக்கு நல்லெண்ண தேய்க்கிறியா? நான் நல்லா இருக்கேன். வீடும் நல்லா இருக்கு. மடையில தண்ணி எறங்குற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு.

ஒன் கடிதாசிய பானு வாசிச்சுச்சு. ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னேன். மொதத் தடவ ஒன்னைய வெளக்கமாத்தால அடிக்கணும்னு இருந்துச்சு. ரெண்டாந் தடவ நீ சாப்புடாமக் கெடப்பியேன்னு இருந்துச்சு.

என் கனவுல ஒருத்தரும் வரல. ஒன்னைய நாலு பேரு பொய்யன்னு சொல்லக் கூடாதுன்னு நானாத்தான் சொன்னேன். ராணிகிட்டச் சொல்லிறாத, அம்மாவுக்குக் காட்சி கெடச்சிருச்சுன்னு அவ அம்புட்டுச் சந்தோசத்துல திரியிறா. நீ அங்க ஒரு சாமியாரப் பாத்து, பொய் சொன்னேன்னு பாவசங்கீர்த்தனம் பண்ணிரு. நான் இங்கன பண்ணிக்கிறேன்.

இன்னொண்ணு சொல்றேன், பானுக்கும் இப்பத்தான் தெரியப் போகுது. தெனமும் ஜெபமால சொல்றவ நான். ஒரு நாளு பூச விட்டதில்ல. என் கனவுல தாயி ஒரு தடவ கூட வரல. பூசைக்குப் பாதியில வந்து, முடியுமுன்ன ஓடுற பய நீ, ஒனக்கு வந்தாளேன்னு பதினஞ்சு வருசமா உள்ளுக்குள்ள அழுதிருக்கேன். என்ன பாவம் பண்ணுனேனோன்னு அந்தக் கெபி முன்னால நின்னு கேட்ருக்கேன். இந்தப் பொறாமைய எந்தச் சாமியாருகிட்டயும் நான் சொன்னதில்ல.

ஒனக்கும் வரலையாமே! அதக் கேட்ட பெறகுதான்டா எனக்கு ராத்திரி நல்லா ஒறக்கம் வருது.

சோத்த ஒழுங்காத் தின்னு.

ஒன் அம்மா,
லூர்தம்மாள்